டப்பா ரொட்டியும் என் கெட்ட பெயரும்

11 ஜனவரி 1996, வியாழன்

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண், தினமும் என்ன சாப்பிடுகிறேன் என்று எழுதிவைக்கச் சொன்னாள். ஐம்பத்தேழு வயதில் வீட்டுப்பாடம். உரக் கம்பெனிக்காரன் என் இரும்புக்கடைக்கு இலவசமாகக் கொடுத்த டைரி இருந்தது. எழுதுகிறேன்.

காலை: தேநீர், அவித்த முட்டை. என் மனைவி டீலியா சுட்ட ரொட்டி இரண்டு துண்டு. அதை நாய் சாப்பிட்டது.

வியாதியின் பெயர் சீலியாக். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என் குடலைத் தின்றுகொண்டிருக்கிறதாம். மூன்று வருடமாக வயிற்றுப்போக்கு, சோர்வு, இடுப்பு பெல்ட்டில் புதிதாக நான்கு ஓட்டை. எல்லாவற்றுக்கும் காரணம் ரொட்டி. மருந்து கிடையாது. சாகும்வரை ஒரு துணுக்குகூடச் சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து.

டீலியாவிடம், 'ரத்தம் கம்மியாம், மாத்திரை குடுத்திருக்காங்க' என்று மட்டும் சொன்னேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். ஒருநாள் தவறாமல் காலை ஆறரைக்கு எழுந்து மாவு பிசைகிறாள். மாவட்டக் கண்காட்சியில் மூன்று முறை முதல் பரிசு. கேட்காமலே நான் பாராட்டிய ஒரே விஷயம் இந்த வீட்டில் அந்த ரொட்டிதான். அதைப் போய் எப்படிச் சொல்வது?

14 ஜனவரி, ஞாயிறு

பூசையில் நன்மை வாங்க, அதாவது ஃபாதர் கையால் அந்த மெல்லிய அப்பத்தை வாங்க, எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை.

அந்த அப்பமும் கோதுமைதானே. 'கோவில்ல குடுக்கறதுகூடவா கூடாது?' என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். 'அது கோவில்ல வாங்கினதா கடையில வாங்கினதான்னு குடலுக்குத் தெரியாதுங்க' என்றார். ஃபாதர் ஹெஃப்ரனிடம் போய் விவரம் சொல்லலாம். ஆனால் கோவிலில் பூ வைப்பவள் கிட்டி. டீலியாவின் தங்கை. ஃபாதர் காதில் விழுந்தது கிட்டியின் காதில் விழாமல் போனதாக இந்த ஊரில் சரித்திரம் இல்லை.

வெளியே வந்ததும் டீலியா கேட்டாள், 'ஏன் போகல? உடம்புக்கு முடியலையா?'

'மனசு சரியில்ல' என்றேன்.

இதைவிட மோசமான பதிலை ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

18 ஜனவரி, வியாழன்

எனக்கென்றே ஒரு ரொட்டி இருக்கிறதாம். டப்பாவில் அடைத்து வருகிறது, நாங்கள் கடையில் பெயின்ட் விற்பதுபோல. டாக்டர் சீட்டு கொடுத்தால் மருந்துக்கடையில் தருவார்கள். எங்கள் ஊர் மருந்துக்கடைக்குப் போனால் விஷயம் எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே பக்கத்து ஊரான பாலினாவுக்குப் போனேன்.

வியாழன் மதியத்துக்கு மேல் எனக்குக் கடை விடுமுறை. அங்கும் கடைகள் விடுமுறை. இதை நான் யோசிக்கவில்லை. மருந்துக்கடை திருமதி ஃபிலோமினா பாடன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, 'வீட்டு வாசல் வழியா வாங்க மிஸ்டர் லாஃப்டஸ்' என்றார். விதவை, ஐம்பது வயது இருக்கும். 'இத அப்படியே தின்னா மரத்தூள் மாதிரி இருக்கும். டோஸ்ட் பண்ணித்தான் சாப்பிடணும். உங்க வீட்டு டோஸ்டர்ல போட்றாதீங்க, அதுல பழைய துணுக்கு இருக்கும்' என்றார். தன்னுடைய கடை வாடிக்கையாளர்களுக்கு என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார். மூன்று துண்டு, வெண்ணெய் தடவிக் கொடுத்தார். மரத்தூள் மாதிரிதான் இருந்தது. ஆனால் வயிறு ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் முதல் முறை.

இனி வாராவாரம் வரலாம் என்றார்.

28 ஜனவரி, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறும் உட்கார்ந்தே இருந்தேன். முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின.

3 பிப்ரவரி, சனி

கின்னஸும் பார்லிதான். விஸ்கி காய்ச்சி வடித்தது என்பதால் பரவாயில்லையாம், பாரில் அதைக் கேட்டேன். இருபது வருடமாக நான் வாய் திறக்கும் முன்பே கறுப்பு பீரை ஊற்றிவிடும் மனிதர் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்தார். 'ஏதாச்சும் பிரச்சனையா, ஆஸ்டின்?'

12 பிப்ரவரி, திங்கள்

மாட்டி மன்னெலி வேலிக்கம்பி வாங்க வந்தான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சு. கம்பியை அளந்துகொண்டிருக்கும்போது குரலைத் தாழ்த்தி, 'யாருன்னு நான் கேக்கல' என்றான்.

'யாரு என்ன?'

'அதான் கேக்கலங்கறேனே. நன்மை வாங்கறதில்ல, விஸ்கி குடிக்கற, வியாழக்கிழமை வண்டி பாலினாவுல நிக்குது. நான் ஏதாச்சும் கேட்டனா?' கதவு வரை போய்த் திரும்பி வந்தான். 'உனக்குள்ள இப்படி ஒருத்தன் இருக்கான்னு எனக்குத் தோணவேயில்ல. தப்பா எடுத்துக்காத.'

எனக்குப் புரிய அரை மணி நேரமாயிற்று. சாவான பாவத்தில், அதாவது ஃபாதரிடம் சொல்லி மன்னிப்பு வாங்காத பெரிய பாவத்தில், இருப்பவன்தான் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருப்பான். ஆணி விற்கும் ஆஸ்டின் லாஃப்டஸுக்குச் சாவான பாவம் எங்கிருந்து கிடைக்கும்? ஊர் தேடிக் கண்டுபிடித்துவிட்டது.

சிரித்தேன். அதோடு நிற்கவில்லை, உண்மையை எழுதிவிட வேண்டும்: மாலையில் தலையை ஒரு முறைக்கு இரண்டு முறை வாரிக்கொண்டேன்.

21 பிப்ரவரி, சாம்பல் புதன்

சாம்பலில் கோதுமை இல்லை. முதல் ஆளாகப் போய் நெற்றியை நீட்டினேன். பின்னால் ஒரு பெண் பெருமூச்சு விட்டது கேட்டது.

26 பிப்ரவரி, திங்கள்

நாயால் காரில் ஏற முடியவில்லை. மாட்டு டாக்டர் தூக்கி ஏற்றிவிட்டு, 'இதுக்கு என்ன போடறீங்க?' என்று கேட்டார். டீலியா என்னைப் பார்த்தாள்.

29 பிப்ரவரி, வியாழன்

நான்கு வருடத்துக்கு ஒரு முறை வரும் தேதி. இன்றைக்குத்தானா காலையில் பாலினாவுக்குத் தொப்பி வாங்கப் போன கிட்டி மதியத்துக்கு மேலும் அங்கேயே சுற்ற வேண்டும்? நான் ஃபிலோமினா வீட்டு வாசலிலிருந்து காகிதப் பொட்டலத்தோடு வெளியே வந்தேன், உதட்டில் வெண்ணெய். எதிரே கிட்டி.

'நல்லாருக்கீங்களா அத்தான்' என்றாள். 'நல்லாத்தான் இருக்கீங்க போல.'

10 மார்ச், ஞாயிறு

டீலியா பேசுவதில்லை. பேசாமலிருப்பதும் இல்லை. 'உப்பு அங்க இருக்கு', 'வாசல் கேட்ட மூடினியா', அவ்வளவுதான். காலையில் ரொட்டி மட்டும் வழக்கம்போல் மேஜைக்கு வருகிறது. எதிரில் உட்கார்ந்து நான் அதை என்ன செய்கிறேன் என்று பார்க்கிறாள். இன்று அவள் பார்வையைத் தாங்க முடியாமல் ஒரு துண்டை முழுசாகச் சாப்பிட்டேன். இரவு முழுவதும் குளியலறையில் கிடக்கப் போகிறேன் என்று தெரிந்தேதான் சாப்பிட்டேன்.

நல்ல ருசி. அதுதான் கொடுமை.

17 மார்ச், ஞாயிறு

புனித பாட்ரிக் திருநாள். நான்கு பேர் விஸ்கி வாங்கிக் கொடுத்தார்கள். கடையில் இதுவரை என்னிடம் திருகாணியைத் தவிர எதையும் கேட்காதவர்கள் இப்போது கருத்துக் கேட்கிறார்கள், நாட்டில் விவாகரத்துச் சட்டம் வருவதைப் பற்றி. முப்பது வருடம் யோக்கியனாக இருந்து கிடைக்காத மரியாதை.

வீட்டுக்கு வந்தால் டீலியா முன்னறையில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கண் வீங்கியிருந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. இதில் என்னடா பெருமை உனக்கு? தலையை வாரிக்கொண்டாயே — யாருக்காக?

23 மார்ச், சனி

செய்த பாவங்களை ஃபாதரிடம் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஃபாதர் ஹெஃப்ரன் எனக்காகவே தவக்காலம் முழுவதும் காத்திருந்த மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

'என் மனைவியிடம் பொய் சொன்னேன் ஃபாதர். ரொட்டியைப் பற்றி.'

'அப்புறம்?'

'நாய்க்குப் போட்டேன்.'

'அப்புறம்?'

'அவ்வளவுதான் ஃபாதர்.'

நாற்காலி இன்னும் கிட்டே நகர்ந்தது. 'பாலினாவுல அந்த அம்மா?'

'டோஸ்ட் பண்ணிக் குடுத்தாங்க.'

'டோஸ்ட்' என்றார் ஃபாதர். அவர் குரலில் இருந்தது ஏமாற்றம் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

முழுக்கதையும் சொன்னேன். குளூட்டன் மிகமிகக் குறைவாக உள்ள அப்பம் இருக்கிறதாம். டாக்டர் கடிதம் இருந்தால் தனக்கு மேலே உள்ள ஆயரிடம் அனுமதி கேட்டு வாங்கித் தருகிறேன் என்றார். இரண்டு நிமிட வேலை. இதற்கா இத்தனையும்? பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பிறகு, 'அத விடு. வீட்ல போய் சொல்லு. அதான் பரிகாரம்' என்றார்.

24 மார்ச், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆஸ்பத்திரிக் காகிதங்களை மேஜையில் பரப்பி, ஆரம்பத்திலிருந்து. ஃபிலோமினா, டோஸ்டர், டப்பா, எல்லாம். நிம்மதியடைவாள் என்று நினைத்தேன். பைத்தியக்காரன்.

'அப்ப வேற பொம்பள இல்லையா?'

'சத்தியமா இல்ல.'

'ரொட்டியா?'

'ரொட்டிதான்.'

காகிதத்தை ரொம்ப நேரம் படித்தாள். 'பொம்பளயா இருந்தா நான் நேர்ல போயி நாலு வார்த்த கேட்டிருப்பேன். ரொட்டிகிட்ட என்னத்தப் போயி கேக்கறது?' என்றாள். பிறகு, 'முப்பத்தோரு வருஷமா தெனம் காலையில எந்திரிச்சு உனக்கு வெஷம் வெச்சிருக்கேன்.'

'உனக்கு எப்படித் தெரியும் டீலியா? எனக்கே தெரியாதே.'

'ஜனவரியில தெரிஞ்சுச்சுல்ல? அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுச்சுல்ல? அவ அடுப்படியில உக்காந்து உன் உடம்புக்கு என்னன்னு வாரம் வாரம் பேசியிருக்க. இங்க வந்து மனசு சரியில்லங்கற. இதுக்கு மேல வேற என்னத்த பண்ணணும் நீ?'

காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்து உறையில் போட்டேன்.

25 மார்ச், திங்கள்

ஆறரைக்கு அவள் எழவில்லை. அடுப்படி சில்லென்று கிடந்தது.

31 மார்ச், குருத்து ஞாயிறு

ஒரு வாரமாக மாவு பிசையவில்லை. அவளுக்கு வேண்டிய ரொட்டியைக் கிட்டி வீட்டில் சாப்பிட்டுக்கொள்கிறாள். வீட்டில் ரொட்டி வாசனை இல்லை. என் குடலுக்கு இது சொர்க்கம். நான் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆயரின் அனுமதி வந்துவிட்டது.

7 ஏப்ரல், ஈஸ்டர்

கடைசி ஆளாக வரிசையில் போனேன். ஃபாதர் தனியாக ஒரு சின்னச் சிமிழைத் திறந்து என் அப்பத்தை எடுத்தார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பாவி திரும்பி வந்துவிட்டான், அவனுக்குத் தனிச் சிமிழ் வேறு.

திரும்பி நடக்கும்போதுதான் கவனித்தேன். டீலியா எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவள் நன்மை வாங்கப் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு ஞாயிறு தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

14 ஏப்ரல், ஞாயிறு

இன்றும் போகவில்லை. காரில் கேட்டுவிட்டேன்.

'மன்னிக்காம எப்படிப் போயி வாங்கறது?' என்றாள். 'நான் இன்னும் மன்னிக்கல. மன்னிச்ச மாதிரி போயி நாக்க நீட்ட எனக்கு வராது. நீ வேணா அப்படிச் செய்வ.'

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக இல்லை என்பதுபோலச் சொன்னாள்.

16 ஏப்ரல், செவ்வாய்

மாட்டியிடம் உண்மையைச் சொன்னேன், சீலியாக், குடல், குளூட்டன், எல்லாம். பொறுமையாகக் கேட்டான். 'அது கொழந்தைங்களுக்குல்ல வரும்?' என்றான். பிறகு தோளில் தட்டி, 'நல்லா யோசிச்சுத்தான் சொல்ற. நானும் யாராச்சும் கேட்டா அப்படியே சொல்லிடறேன். மேல இருக்கறவரு மன்னிச்சிட்டாரு, வீட்ல இருக்கறவங்கதான் இன்னும் மன்னிக்கல, அப்படித்தானே?'

அப்படித்தான் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

25 ஏப்ரல், வியாழன்

பாலினாவுக்குப் போகவில்லை. நான்கு வாரமாகப் போகவில்லை, ரொட்டி தபாலில் வருகிறது.

மாலையில் டீலியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'என்னென்ன கூடாது? ஒண்ணொண்ணா சொல்லு' என்றாள். சொன்னேன். பென்சிலால் எழுதிக்கொண்டாள். சாசேஜ் என்றதும், 'அதுல ஏது கோதுமை?' என்று சண்டைக்கு வந்தாள். சாசேஜ் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினேன். 'பாவிங்க' என்றாள், சாசேஜ்காரர்களை. மூன்று மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்த மிக நீளமான பேச்சு இது.

27 ஏப்ரல், சனி

டீலியா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். நான் வெளியே காரில் இருந்தேன். இருபத்தைந்து நிமிடம். எனக்கே ஆறு நிமிடம்தான் ஆயிற்று.

28 ஏப்ரல், ஞாயிறு

எடை கூடியிருக்கிறது. பெல்ட்டில் ஒரு ஓட்டை வெளியே வந்தாயிற்று. காலை: முட்டை, தேநீர், டப்பா ரொட்டி இரண்டு துண்டு, நானே சாப்பிட்டேன்.

பூசை முடிந்து வெளியே வந்தால் மாட்டி கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். கிட்டி அழுதாள். எப்பேர்ப்பட்ட மனசு எங்க அக்காவுக்கு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் இனி நான் சாகும்வரை திருந்திய கள்ளப் புருஷன்தான். கல்லறையில் சீலியாக் என்று வெட்டி வைத்தாலும் நம்பமாட்டார்கள். இருந்துவிட்டுப் போகிறேன்.

அவர்கள் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்பதை இன்னும் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை, அதனால்தான் முட்டையைப் பற்றியும் பெல்ட்டைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நன்மை நேரம் வந்தது. எங்களுக்கு முன் வரிசை எழுந்து போயிற்று. நான் கடைசியில்தான் போக வேண்டும், ஆகவே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் டீலியா கைப்பையை மூடும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து நின்றாள். நான் வழியை அடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், முட்டாள் மாதிரி.

'கால நகத்து, ஆஸ்டின்' என்றாள்.

நகர்த்தினேன்.