வெல்லம் போடாத தேங்காய்

ஆனி 30, சனி

விடிந்ததிலிருந்து காற்று. துணி கொடியில் நிற்கவில்லை. வாங்க வேண்டியது: சீயக்காய், மண்ணெண்ணெய், மணிக்கு அரைஞாண் கயிறு.

திங்கட்கிழமை ஆடி ஒண்ணு. தேங்காய் சுடும் நோம்பி. அவர் தவறிப்போனது சித்திரையில். வருசம் திரும்பும்வரை வீட்டில் நோம்பி, பண்டிகை எதுவும் கிடையாது. பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்ல? மணிக்கு நாலு வயது. தெருவில் பிள்ளைகள் தேங்காய் உரசுவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "நம்மளுது எங்கீங்கம்மா?" என்கிறான். தேவி பெரியவள், ஏழு வயது. தெருப்பக்கக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதுதான் தாங்கவில்லை.

ஆனி 31, ஞாயிறு

மச்சாண்டார் வீட்டு அக்கா, அவருடைய அண்ணன் சம்சாரம், வந்தார்கள். பிள்ளைகளுக்காக மட்டும் சுடலாமா என்று கேட்டுப் பார்த்தேன்.

"அதெப்படி அம்மணி? பங்காளிக, நாங்களே சுடறதில்லைன்னு இருக்கறோம்."

பக்கத்து வீட்டு சரசக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏனுங்க, உங்க வாசல்ல மூட்டுனாத்தான தப்பு? எங்க நெருப்புல மூணு காய் சேந்து வெந்துட்டுப் போகுதுங்க. உங்க மச்சாண்டார் வந்தா எங்களுதுன்னு சொல்லிக்கறேன்."

அக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார்கள். கிளம்பும்போது, "காத்தடிக்குது. புள்ளைகளத் தள்ளி நிக்கச் சொல்லு." சரி என்றுதான் அர்த்தம்.

ஆடி 1, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேலை. நார் உரித்து, வாசல் கல்லில் தேங்காயை மழமழவென்று உரசல். மணிக்குக் கை சிவந்தது, காய் அப்படியே. ஒரு கண்ணைத் துளைத்து, தண்ணீர் சொம்பில். உள்ளே பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, வெல்லம். எடுத்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப. அந்தக் கண்ணில் அழிஞ்சில் மரக்குச்சி செருகி, மஞ்சள் பூசி. எல்லாம் முன்பு அவர் வேலை. எனக்குக் குச்சி சீவவே வரவில்லை. மணி காய்க்குள் போட்ட வெல்லம் கொஞ்சம், வாய்க்குள் போட்டது மீதி.

மூன்றாவது காயை தேவி யாரையும் தொடவிடவில்லை. "இது அப்பாதுங்க." திரும்பி உட்கார்ந்து அவளே அடைத்தாள்.

சரசக்கா வாசலில் சுட்டோம். ஓடு வெடித்ததும் என்ன வாசம்! மணி முதலில் எடுத்ததே அப்பா காய். துப்பினான்.

"சப்புன்னு இருக்குது. இவ வெல்லமே போடலீங்கம்மா!"

"அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இருக்குதுல்லடா லூசு. வெல்லம் ஆகாது."

சரசக்கா விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அந்தக் காயை நானே தின்றேன். முழுசும்.

ஆடி 2, செவ்வாய்

வயிறு மந்தம். சுக்குத் தண்ணீர் குடித்தேன். காற்று குறையவில்லை.

தலை பின்னும்போது தேவி கேட்டாள், "அம்மா, செத்துப்போனா சர்க்கரை வியாதி போயிருமாங்க?"

சீப்பை வைத்துவிட்டு, "போயிரும் கண்ணு" என்றேன்.

ரிப்பனை எடுத்து நீட்டினாள். "அப்பன்னா அடுத்த வருசம் வெல்லம் போட்டரலாமுங்க."

ரெண்டு அச்சு வெல்லமாகவே போடலாம் என்றேன்.