மலரில் வராத நான்கு வரிகள்

மார்ச் 4, திங்கள்

வெயில். காலை எட்டு மணிக்கே கந்தோர்க் கூரை கொதிக்கிறது. மின்விசிறி இரண்டில் ஒன்று செத்துப் போயிற்று. மற்றது அலுவலகப் பெரியவர் தலைக்கு மேல்.

செய்ய வேண்டியவை:
– மலருக்கு இன்னும் மூன்று கட்டுரை தட்டச்சு
– ஆசியுரை நாலு, படம் நாலு (குருக்கள் இன்னும் படம் தரவில்லை)
– அம்மாவுக்குப் பிறஷர் குளிசை, மருந்துக்கடையில்
– விளைமீன், கிடைத்தால்

நல்லிணக்க மலர்க் குழுவுக்கு என்னைச் செயலாளராக்கியதற்குக் காரணம் என் கையெழுத்து வடிவாம். குழுவில் பாதர், குருக்கள், மௌலவி, புத்த விகாரை ஹாமதுரு. விதி ஒன்றே ஒன்று. குழுவில் ஒருவருக்கு மனம் நோகும் என்றால் அந்த வரி வெளியே. காரணம் கேட்கக் கூடாது. முதற்கூட்டத்தில் இதைக் கேட்டு நானும் கை தட்டினேன்.

இதுவரை போனவை: மாட்டிறைச்சிக் கறி (குருக்கள்). காணி பற்றிய பந்தி முழுதும் (ஹாமதுரு). மதம் மாறிக் கலியாணம் கட்டியவளின் கதை (பாதர்). கூத்துப் படம் (மௌலவி). மிஞ்சியது மழை, புறா, பொங்கல். எல்லாம் ஒரே ஆள் எழுதியது மாதிரி.

மார்ச் 6, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு.

சகீனா கட்டுரை தந்தாள். ஆறு வருஷமாகப் பக்கத்து மேசை. முசலிப் பக்கத்தாள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை இயக்கம் விரட்டியபோது எட்டு வயதாம். புத்தளத்து முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தவள்.

இரண்டு பக்கம். கிணறு, பனை, பள்ளிக்கூடம் என்று நல்ல பிள்ளையாகப் போகிறது. நடுவில் இது. பார்த்து எழுதுகிறேன்:

"எங்கள் வீட்டுக் கதவு பச்சை. ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் வாப்பா தாழ்ப்பாளுக்குக் கீழே ஆணியால் ஒரு கோடு கீறுவார், மொத்தம் ஏழு. போன வருஷம் ஒரு சிநேகிதி வீட்டில் தொழுவதற்கு எனக்கு அறை தந்தார்கள். கதவைச் சாத்தியபோது ஏழு கோடும் என் விரலில் பட்டன."

சிநேகிதி நான்தான். நத்தார் பண்டிகைக்கு வங்காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். லுகர் தொழுகை நேரம் அறை கேட்டாள். புதுப் பாய் விரித்துக் கொடுத்தேன். சுவரில் திருவிருதயப் படத்தைத் துவாயால் மூடிவிட்டேன். பிறகு நாலு பேரிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்மை. வெளியே வர வெகு நேரமாயிற்று அவளுக்கு. "கால் விறைச்சுப் போச்சு ரீட்டாக்கா" என்றாள். முகம் ஒரு மாதிரி. கொண்டு வந்த வட்டிலாப்பப் பாத்திரத்தைக்கூட மறந்து விட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அறைக் கதவைத் தடவிப் பார்த்தேன். மண்ணிறப் பெயின்ற் இரண்டு பூச்சு. ஆனாலும் விரலுக்குத் தெரிகிறது. ஏழு.

அம்மாவைக் கேட்டேன்.

"அதுகள் போன பிறகு வெறும் வீட்டில இருந்து கொப்பர் வள்ளத்தில கொண்டு வந்தவர். ஊரே ஏத்தினது. விட்டிருந்தா ஆமி விறகாக்கியிருப்பான்."

"அதுகளைத் தேடிக் குடுத்திருக்கலாமே அம்மா?"

"எண்பத்தஞ்சில நாங்கள் ஓடேக்க எங்கட கதவை ஆர் கொண்டு போனது? அதை ஆர் எழுதினது? போய்ச் சோத்தைத் தின்."

சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 7, வியாழன்

சகீனா வழக்கம் போல. இடியப்பம் கொண்டு வந்து பாதி தந்தாள். கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சம்பலைப் புகழ்ந்தேன். குளிசை வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

சிலுவைப்பாதை. பாவசங்கீர்த்தனத்துக்கு இருபது பேர் வரிசை. கோபம், பொறாமை, பூசைக்குப் பிந்திப் போனது எல்லாம் சொன்னேன். கதவைச் சொல்லவில்லை. அப்பா எடுத்தது, என் பாவமா என்று எனக்குள்ளேயே வழக்காடினேன். சுவாமியார் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் தந்தார். மலிவு.

மார்ச் 11, திங்கள்

கூட்டம். பத்து மணி. இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

சகீனாவின் கட்டுரையைப் பாதர் உரத்து வாசித்தார். நாலு வரி வந்ததும் குரல் இறங்கியது. யாராவது வெட்டுவார்கள் என்றே நம்பி உட்கார்ந்திருந்தேன். நாலு பேரில் ஒருவருக்காவது நோகாதா?

ஹாமதுருவுக்குச் சிங்களத்தில் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு "லஸ்ஸனய்" என்றார். வடிவாம்.

குருக்கள்: "ஆரின்ர பேரும் இல்லையே. இருக்கட்டும்."

மௌலவிதான் தயங்கினார். "நாங்கள் இப்பதான் ஒரு மாதிரி வந்து இருக்கிறம். பழசைக் கிளறினா..." பிறகு அவரே: "சரி. அந்தப் புள்ள பொய் எழுதேல்ல. நான் மறுக்க மாட்டன்."

பாதர்: "எனக்கும் ஒண்டுமில்லை. அப்ப அடுத்தது."

இத்தனை மாதத்தில் உயிருள்ள பந்தி ஒன்றை எல்லாரும் வெட்டாமல் விட்டது இதுதான் முதல்.

நான் சொன்னேன்: "எனக்கு மனம் நோகுது, பாதர்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளருக்கும் அந்த உரிமை உண்டோ என்று குருக்கள் கேட்டார். குழு என்றால் எல்லாரும்தான் என்றார் பாதர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்கவில்லை. விதி அப்படி. நானே கோடு போட்டேன், அழுத்தி.

பிறகு தேநீரோடு பற்றீசும் வாழைப்பழமும். நான் இரண்டு பற்றீஸ் தின்றேன். வெட்கம் கெட்ட வயிறு.

மார்ச் 13, புதன்

சகீனாவின் கட்டுரைப் பக்கத்தில் இடம் விழுந்துவிட்டது. இரண்டு அங்குலம். அதில் ஒரு புறாப் படம்.

சகீனா என் தோளுக்குப் பின்னால் நின்று கணினியைப் பார்த்தாள்.

"வெட்டிப்போட்டினமோ?"

"குழு முடிவு."

"ஆருக்கு நொந்ததாம்?"

"அதைக் கேக்கக் கூடாதாம்."

பொய் ஒன்றும் சொல்லவில்லை நான். அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 25, திங்கள்

வெளியீடு. காற்று, பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. நாலு பேரும் சேர்ந்து விளக்கேற்ற நெருப்பு மூன்று தரம் அணைந்தது. தலைமையுரையில்: "எமது மக்கள் ஒளிவுமறைவின்றி மனம் திறந்து எழுதியிருக்கிறார்கள்." கைதட்டல். எனக்குப் பொன்னாடை. முதல் பிரதி வாங்கியவர்கள் வரிசையில் சகீனாவும் நின்றாள், படத்துக்குச் சிரித்தபடி.

பொன்னாடையை அம்மா மடித்து அலுமாரியில் வைத்தா.

மார்ச் 26, செவ்வாய்

மழைக்குணம், பெய்யவில்லை.

கந்தோரில் சனம் வருமுன் சொல்லிவிட்டேன். இரண்டு வாரமாக நித்திரை இல்லை. "சகீனா, வெட்டினது நான். நான் மட்டும்தான். மற்ற நாலு பேரும் விடச் சொன்னவை."

"தெரியும். மௌலவி அண்டைக்கே சொன்னவர்."

அன்றைக்கே. அப்படியானால் புதன்கிழமை என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டது தெரிந்துகொண்டுதான்.

"கதவைக் கழட்டித் தாறன். தம்பியின்ர உழவு மெசினில ஏத்தி ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாறன். அம்மா கத்தினாலும் பரவாயில்லை."

கோப்புகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்களுக்கு இப்ப தந்தது வீட்டுத்திட்டத்து வீடு. வாசல் நிலை சின்னன். அந்தக் கதவு அதுக்குள்ள நிக்காது."

கீழே விழுந்த கோப்பொன்றை நான் எடுத்துக் கொடுத்தேன்.

"கதவை நான் கேக்கேல்லையே ரீட்டாக்கா. அந்த நாலு வரி அச்சில வந்திருந்தாப் போதும் எனக்கு. உங்கட பேரைக்கூடப் போடேல்ல நான்."

மலர் அச்சாகி முடிந்துவிட்டது. தேத்தண்ணி குடிப்போமா என்று கேட்டேன்.