பெரிய வெள்ளியில் ஆட்டு சூப்

பெர்த்,
3 மார்ச் 2025

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன். கடிதம் போட்டு வருடங்களாகிவிட்டன, கோபித்துக்கொள்ளாதே. சிங்கப்பூருக்கு வர ஆசை. உன் வீட்டில் ஒரு மாதம் தங்கலாமா? சேர்ந்து லிட்டில் இந்தியாவைச் சுற்றலாம். பிரிஜட் கையால் மீன் குழம்பு சாப்பிட வேண்டும். அவளுக்கு என் அன்பைச் சொல்.

உன் பழைய தோழன்,
ஜெரார்ட்

செங்காங்,
20 மார்ச் 2025

அன்புள்ள ஜெரார்ட்,

நான் சொல்லச் சொல்ல மருமகள் செரினா எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியுமே. எல்லாரும் சுகம். உன் கடிதத்தை வாசித்ததுமே அவள், "மாமா, பதில் போடாதீங்க லா. இப்ப சொந்தக்காரங்க குரல்லயே போன் பண்ணி ஏமாத்துறாங்க. லெட்டர் எழுதுறதா கஷ்டம்?" என்றாள். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிப்ட் வாசலில்கூட மோசடிக்காரர்களைப் பற்றி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்தாலும் கம்பிக் கதவைத் திறக்காமல்தான் பேசுகிறோம். "நீ எழுது புள்ள, பார்ப்போம்" என்றேன்.

ஒரு பழைய ஞாபகம் வந்தது. ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதை முடிந்ததும், தேக்காவில் ஜலாலுதீன் கடைக்கு என்னை இழுத்துப் போய் ஆட்டு சூப் வாங்கிக் கொடுத்தாயே. ஒரே கிண்ணத்தில் ரொட்டி தொட்டுத் தின்றோமே. நினைவிருக்கிறதா? உன் பதில் வரட்டும், தங்குவது பற்றிப் பேசலாம்.

ஆம்ப்ரோஸ்

பெர்த்,
4 ஏப்ரல் 2025

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

அது மறக்குமா? அந்த சூப்பின் மிளகுக் காரம் இன்னும் நாக்கில் நிற்கிறது. நீ சொல்வதெல்லாம் சரி. எப்போது வரலாம்?

என்றும் அன்புடன்,
ஜெரார்ட்

செங்காங்,
22 ஏப்ரல் 2025

ஜெரார்ட் என்று கையெழுத்துப் போட்டவருக்கு,

அந்த சூப்பை யாரும் குடிக்கவில்லை. நான் வேண்டுமென்றே விட்ட புளுகு அது. ஜெரார்டாவது, பெரிய வெள்ளியில் கறியாவது! தவக்காலம் முழுக்க முட்டைகூடத் தொடமாட்டான். ஒரு வெள்ளிக்கிழமை மறதியாக நான் கறிபஃப்பைக் கடித்ததற்கு, தேக்கா நடுவில் என் கையைத் தட்டிவிட்டு, "டேய், சேசு சாமி செத்த கிழமைடா, உனக்குக் கறிபஃப் கேக்குதா?" என்று கத்தினான். கீழே விழுந்ததைக் காக்கா தூக்கிப் போனது.

"நீ சொல்வதெல்லாம் சரி" என்று அவன் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த கப்பல் பட்டறையில் மழை என்று நான் சொன்னால், தூறல் என்பான். லிட்டில் இந்தியா என்ற பேரும் அவன் வாயில் வந்ததில்லை, அவனுக்கு அந்த இடம் என்றைக்கும் தேக்காதான்.

என் மனைவி பிரிஜட் இறந்து பல வருடமாகிறது. சேதி கேட்டு ஜெரார்ட் போனில் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. நீங்கள் யார்? அவன் பேர் உங்கள் கையில் எப்படிச் சிக்கியது? அவன் உயிரோடு இருக்கிறானா? அதையாவது மறைக்காமல் சொல்லுங்கள். என் வீட்டுக் கதவு உங்களுக்குத் திறக்காது.

ஆம்ப்ரோஸ்

பெர்த்,
10 மே 2025

ஆம்ப்ரோஸ்,

உயிரோடுதான் இருக்கிறேன். எழுதுவதும் நான்தான்.

ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கிறது. பிரிஜட் போனது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. புதிதாகக் கேட்பதுபோல மறுபடியும் அழுதேன். மகள் கேட்லின், "நேத்து சொன்னேனேப்பா" என்றால், ஆமாம் என்பேன். கோயிலில் யாராவது கையைப் பிடித்து, "என்னை ஞாபகம் இருக்கா அங்கிள்?" என்றால், ஆமாம், ஒரு சிரிப்பு. இப்படித்தான் ஜெரார்டாக நடித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவருக்கும் தெரியாது. "வயசாக ஆக அப்பா ரொம்ப சாந்தமாயிட்டார்" என்று கேட்லினுக்குச் சந்தோஷம். தலையாட்டுகிறவனை, நீ யார் என்று யாரும் கேட்பதில்லை. நீதான் கேட்டாய்.

சூப் கதை எனக்கும் இடறியது. ஆனால் நீ சொன்னால் நடந்திருக்கும் என்று நம்பிவிட்டேன். ஈஸ்டருக்கு முன்னால் போய், பெரிய வெள்ளியில் கறி தின்ற பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமே செய்துவிட்டேன். பாதர் சிரித்துவிட்டு, மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார்.

உன் முகம் மனதில் இருக்கும்போதே வந்து பார்த்துவிடலாம் என்றுதான் கேட்டேன். இனி வேண்டாம். உனக்குத் தெரிந்த ஜெரார்ட் வரப்போவதில்லை.

ஜெரார்ட்

செங்காங்,
26 மே 2025

டேய் ஜெரார்ட்,

வாசிக்கும்போதே செரினா அழுதுவிட்டாள். பாவசங்கீர்த்தனம் வந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அவளை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சன்னலோரம் போய் நின்றேன். குடிக்காத சூப்புக்குப் போய் முழங்கால் போட உன்னைத் தவிர எவனுக்குத் தோன்றும்? எனக்கு இனிச் சந்தேகமில்லை.

கேட்லினிடம் இன்றைக்கே எல்லாவற்றையும் சொல். கோபப்படுவாள், படட்டும். அவளையும் கூட்டிக்கொண்டு வா. செரினா ஓர் அறையை ஒழித்துக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுவிட்டாள்.

சாங்கி விமான நிலையத்தில் உன் எதிரே வந்து நிற்பேன். எனக்குத் தலைமுடியும் போய்விட்டது, பல்லும் போய்விட்டது. ஆளைத் தெரியாவிட்டால் சிரித்துத் தலையாட்டிவிடாதே. "நீ யாருடா?" என்று கேள். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேள்.

நான் சொல்கிறேன்.

ஆம்ப்ரோஸ்