ராணியை மறைத்த நிழல்

அக்கா,

இன்று கோயிலில் கார்பைட் விளக்கு ஏற்றினார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே, பேளுக்குறிச்சிச் சந்தையில் நாம் படம் பார்த்த அந்திப்பொழுது நினைவுக்கு வந்துவிட்டது.

சேந்தமங்கலத்து பாய் ஒருவர் கொட்டகை போட்டு, இதே கார்பைட் விளக்கின் வெளிச்சத்தில், சீமை ராஜாவும் ராணியும் நம் தேசத்துக்கு வந்துபோனதை வெள்ளைத்துணியில் காட்டினார். மிளகு விற்க மலையிலிருந்து இறங்கிய நாம் முன்வரிசையில் இருந்தோம். யானை, குதிரை எல்லாம் போன பிறகு ராணி ஓர் ஆஸ்பத்திரிக்குள் வந்தார். வெள்ளைச்சீலை நர்சுகள் வரிசையாக நின்றார்கள். பெரியவர்கள் வந்தால் உட்கார்ந்திருப்பது நம் மலையில் வழக்கமில்லையே. நீங்கள் எழுந்து கும்பிட்டீர்கள். உங்கள் நிழல் விழுந்து ராணியை மறைத்தது.

“ஏனுங்க, நாங்க வந்தது ராணியப் பாக்கறதுக்குங்க, உங்களையில்ல” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நீங்கள் உட்காராமல் திரையிலிருந்த ராணியிடமே கேட்டீர்கள்.

“தாயே, அந்த வெள்ளச்சீலக்காரிகள்ல ஒருத்திய எங்க மலைக்கு அனுப்பி வுடுங்க.”

கொட்டகையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரசவ வலியோடு தூளி கட்டிக் கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்கிய மூத்த மகளைப் பாதி மலையிலேயே பறிகொடுத்தவர் நீங்கள். இளைய மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

இது எப்போதோ எடுத்த படம், அந்த அம்மா அன்றைக்கே கப்பலேறிவிட்டார் என்று பாய் தன்மையாகச் சொன்னார். நீங்கள் முகம் வாடாமல், அப்படியானால் யாரிடம் கேட்பது என்று அவரையே விசாரித்தீர்கள். கலெக்டருக்கு மனு போடச் சொன்னார். கடைப்பொட்டலக் காகிதங்களைப் பார்த்து எழுத்துக் கற்றவள் நான். ஊர் திரும்பியதும் எழுதினேன். நீங்கள் கைநாட்டு வைத்தீர்கள். பதில் இல்லை. அறப்பளீஸ்வரர் கிருபையால் இளையவள் சுகமாகப் பெற்றெடுத்தாள். இனி எதற்கு மனு என்றேன்.

“நம்ம ஊட்டுப் பாரம் எறங்கிருச்சுன்னு வுட்டுர முடியுமா கண்ணு? எழுது.”

ஆறாவது மனுவுக்குப் பிறகு மலையில் நம் அரியூர் நாட்டுக்கு நர்சு வந்தாள். நீங்கள் கண்மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் கையில் இதுவரை நான்கு குழந்தைகள், நான்கும் பிழைத்தன.

ஆனால் மாதம் ஒருமுறைதான் வருகிறாள். பிள்ளைகள் நாள் பார்த்தா பிறக்கின்றன? இங்கேயே தங்க ஒருத்தி வேண்டும் என்று நேற்று ஏழாவது மனுவை எழுதி முடித்தேன். முன்பெல்லாம் கீழே உங்கள் கைநாட்டு ஒன்றுதான் இருக்கும். இந்தத் தடவை ஊர்ப் பெண்கள் வந்து வைத்ததில் இடம் போதாமல், காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் வைத்தோம்.