ஐந்தடி அடுப்படி

என் அன்பு வசந்தா அக்காவுக்கு,

நீங்கள் போன பிறகு வந்த முதல் சம்பா நடவு நேற்று முடிந்தது. வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போகிறது. இதைச் சொல்ல நான் தேடியது உங்களைத்தான். சுவரைப் பார்த்து "அக்கா" என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது.

அந்தச் சுவர் நம் வீட்டுக்காரர்கள் போட்ட சண்டையில் எழும்பியது. வயலுக்குப் போகும் வழி அண்ணனுக்கா தம்பிக்கா என்று தொடங்கி, வீட்டையே நடுவில் பிளந்தார்கள். சமையலறையும் இரண்டானது. சன்னல் இருந்த பாதி உங்களுக்கு வந்தது. எனக்கு வந்தது ஐந்தடி அகலமும் பதினெட்டு அடி நீளமுமாக ஒரு சந்து. நான் அடுப்பருகே நின்றால் வேறு யாரும் தாண்டிப் போக முடியாது. பானை, சட்டி, அரிசி டப்பா எல்லாம் தரையில்தான் கிடந்தன.

அவர்கள் பேசாததால் நாமும் ஒன்பது வருஷம் பேசவில்லை. பேசாதே என்று நம்மிடம் யாரும் சொல்லவில்லையே? ஏன் அக்கா அப்படி இருந்தோம்?

அன்றைக்குச் சோறு வடித்துவிட்டு, கஞ்சிப் பாத்திரத்தை இறக்கிவைக்க இடம் தேடித் திரும்பினேன். அரிசி டப்பா காலில் இடறியது. கொதிக்கிற கஞ்சி முழுக்க இடது காலில். நான் போட்ட சத்தம் கேட்டு, கொல்லைப்பக்கமாகக் குடத்துத் தண்ணீரோடு ஓடி வந்தது நீங்கள். என் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தீர்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் நீங்கள்தான். திரும்பி வந்து என்னைப் படுக்கவைத்த பிறகு, அடுப்படி வாசலில் வெகுநேரம் நின்றீர்கள்.

"இதுக்குள்ளயா இத்தனை வருஷமா சமைச்சே?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

கால் ஆறியதும் கும்பகோணத்தில் பழைய மரச்சாமான் விற்கும் கடைக்கு பஸ்ஸில் கூட்டிப் போனீர்கள். புதிதாகச் செய்தால் ஆழமாகச் செய்துவிடுவார்கள், உன் அடுப்படிக்கு ஒரு சாணுக்கு மேல் ஆகாது என்றீர்கள். அளவுக்கு முடிச்சுப் போட்ட சணல் கயிறு உங்கள் இடுப்பில் செருகியிருந்தது. கடைக்கார பாய் பீரோவாகக் காட்டிக்கொண்டே வந்தார். நீங்கள் நேராக மூலைக்குப் போய், நாட்டு மருந்துக் கடையிலிருந்து வந்த ஓர் அலமாரியில் கயிற்றை வைத்துப் பார்த்தீர்கள். ஆள் உயரம், ஒரு சாண் ஆழம், அதில் சின்னச் சின்ன இழுப்பறைகள். அதோடு ஒரு பள்ளிக்கூட பெஞ்சும், கால் உடைந்த தேக்கு மேசையின் மேற்பலகையும் எடுத்துக்கொண்டோம்.

அந்தப் பலகை எதற்கு என்று கேட்டேன்.

"சுவத்துல கீல் வச்சு அடிச்சா, வேணுங்கறப்ப விரிச்சுக்கலாம், வேண்டாதப்ப மடிச்சிடலாம். ரெண்டு பேர் உக்காந்து சாப்பிடணும். நீளத்தைக் குறைக்க விடாதே."

பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தானே. அதனால் நான் வேறொன்றும் நினைக்கவில்லை.

பலகையை அடிக்க வேண்டியது அந்தப் பொதுச் சுவரில். அண்ணனைக் கேட்காமல் அதில் ஓட்டை போட்டால் இன்னொரு சண்டை வரும், கேட்கவும் மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். தச்சர் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். அப்போது சுவருக்கு அப்பாலிருந்து உங்கள் குரல் வந்தது.

"போடச் சொல்லு மலரு. இந்தப் பக்கம் நான் நிக்கிறேன்."

உங்கள் பக்கம் காரை உதிர்ந்திருக்குமே. பெரியத்தான் பார்த்திருப்பாரே. என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்?

பெஞ்சை இரண்டாக அறுத்தார் தச்சர். ஒரு பாதி, கால் உயர்த்தி அடுப்புக்குப் பக்கத்தில், சூடான பாத்திரம் இறக்கிவைக்க. மறு பாதி உட்காருவதற்கு. இழுப்பறைகளில் மிளகு, சீரகம், வெந்தயம் என்று இரண்டு நாள் அடுக்கினீர்கள். நடுநடுவே, பெரியத்தானுக்குக் கத்தரிக்காய் ஆகாது, ராத்திரி ரசம் இல்லாமல் சாப்பிட மாட்டார் என்று சொன்னீர்கள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டீர்கள். கேட்டால் வெயில் என்றீர்கள்.

மூன்று மாதத்தில் படுத்தீர்கள். தஞ்சாவூரில் கட்டி என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள். மாசியில் போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உங்கள் துணிகளை ஒதுக்கும்போது, புடவைகளுக்கு அடியில் ஸ்கேன் எடுத்த கவர் இருந்தது. தேதியைப் பார்த்தேன். நாம் கும்பகோணம் போனதற்கு முந்தின வாரம்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், வைத்தியத்துக்கு அலையாமல் என் அடுப்படியைக் கயிறு வைத்து அளந்திருக்கிறீர்கள். என் வெந்த காலுக்காகவா அதையெல்லாம் செய்தீர்கள், உங்களுக்குப் பின்னால் பெரியத்தான் சாப்பிட வேண்டும் என்றா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உங்கள் மேல் எனக்குக் கோபம் அக்கா. அதை யாரிடம் காட்டுவது?

பெரியத்தான் முதலில் ஹோட்டல் பொட்டலம்தான் வாங்கி வந்தார். நான் கொண்டுபோய் வைத்த தட்டு தொடப்படாமல் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து உங்கள் மகன் தினமும் போன் செய்து, அப்பா சாப்பிட்டாரா சித்தி என்று என்னைக் கேட்பான். நாலாம் நாள் கொல்லை வழியாகப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"அக்கா போடச் சொன்ன பலகைதான் பெரியத்தான். அதுல வந்து சாப்பிடுங்க."

வந்தார். என் வீட்டுக்காரர் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். ஆறு மாதம் இப்படியே நடந்தது.

போன வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல். நடவு வயலிலிருந்து இருவரும் மழையில் நனைந்து ஒரே நேரத்தில் வந்தார்கள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் அண்ணனுக்குச் சோறு போட்டு ரசம் ஊற்றினார். பிறகு தன் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உப்பு கம்மியா இருக்கும். நான் வச்ச ரசம்."

பெரியத்தான் பிசைந்துகொண்டே இருந்தார். "அவ இருந்திருந்தா வாயில வைக்காமலே சொல்லியிருப்பா" என்றார். தோள் குலுங்கியது. தம்பி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவைத்தார். அவ்வளவுதான். மறுநாளும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தட்டு கூடத்துக்குப் போகவில்லை.

இதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்று கதவோரமாக நின்று அழுதேன். நீங்கள் இருந்து, அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருந்திருந்தாலும் எனக்குப் போதும்.

நான் இருக்கும்வரை பெரியத்தான் பட்டினியாகப் படுக்க மாட்டார், அக்கா. இன்னொரு சத்தியமும் செய்கிறேன். எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் உங்களைப் போல மறைக்க மாட்டேன், முதல் நாளே வாய்விட்டுச் சொல்வேன்.

ஊருக்கு நாம் ஓரகத்திகள். எனக்கு நீங்கள் கூடப் பிறந்த அக்கா.

உங்கள் தங்கை,
மலர்க்கொடி