வரப்பு தாண்டிய கிளை

அண்ணே,

இந்த வருடமும் உங்கள் தோப்பில்தான் நிற்கிறேன். காலையிலிருந்து முந்திரிப் பழத்தைத் திருகிக் கொட்டையைப் பிரித்துப் போட்டதில் கையெல்லாம் பழ வாசனை. சோப்புப் போட்டும் போகவில்லை. உங்கள் நினைப்பும் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆண்டிமடம் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். கிளை வரப்பைத் தாண்டி வந்தாலும் கொட்டை மரத்துக்காரருக்கு. எனக்கும் தெரியும். ஆனால் அந்த வருடம் என் நிலத்துக்குள் நீண்டிருந்த உங்கள் மரக்கிளைக்குக் கீழே சருகு கூட்டிச் சுத்தம் செய்தவன் நான். நான் கூட்டிய தரையில் விழுந்தது எனக்கே என்று ஒரு வீம்பு. நீங்கள் குனிந்து பொறுக்கியபோது, திருடன் என்று ஊர் கேட்கக் கத்திக்கொண்டே கம்பால் அடித்தேன். உங்கள் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் இரண்டு விரல்கள் மடங்கவேயில்லை.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ஜெயில் உறுதி என்று என் வக்கீலே கைவிரித்துவிட்டார். வீட்டில் மனைவி நிறைமாதம். சமரசத்துக்குச் சம்மதமா என்று நீதிபதி உங்களைக் கேட்டபோது நான் தலையைத் தூக்கவில்லை.

"இவன் உள்ள போனா எம் வெரலு மடங்கிடுமாங்கய்யா? கொட்ட திருக எனக்கு ஒரு கை வேணும். வருசா வருசம் இவனே வந்து திருகிக் குடுக்கட்டும். அதுக்கு முன்னாடி எங்க வூட்டுக்கு வந்து, நடந்தத எம் பொண்ணுகிட்ட அவன் வாயால சொல்லணும்" என்றீர்கள்.

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். உங்கள் வாசலில் நின்றபோதுதான் அப்படியில்லை என்று புரிந்தது. பள்ளிக்கூடத்தில் உங்கள் மகளைத் திருடன் மகள் என்று கேலி பேசுகிறார்களாம். பத்து வயதுப் பெண், என் முகத்தையே பார்த்தாள்.

"எங்கப்பா திருடுனாங்களா சித்தப்பா?"

அதற்குப் பதில் சொல்வதைவிட ஜெயிலே மேல் என்று தோன்றியது. நீங்கள் அவசரப்படுத்தவில்லை. "இல்லம்மா. கொட்ட உங்களுது. தெரிஞ்சுதான் அடிச்சேன்" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். இடது கையால் சொம்பை நீட்டி, "தண்ணி குடி" என்றீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னை உள்ளே தள்ளிவிட்டு ஊரெல்லாம் பெருமை பேசியிருப்பேன். நீங்களோ பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவாத் திருகுடா, கொட்டையோட என்னா பகை?" என்று வம்பிழுத்தீர்கள். எத்தனை பருவம் அப்படிப் போனது. மன்னித்தேன் என்று நீங்கள் சொன்னதில்லை. கேட்க எனக்கும் வாய் வந்ததில்லை.

மாசியில் நீங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். கைவைத்த பாவி கிட்டே வரலாமா என்று உங்கள் சொந்தக்காரர்கள் முறைத்தார்கள். உங்கள் மகள்தான் எழுந்து வந்தாள்.

"வழிவுடுங்க. பாடையில ஒரு பக்கம் சித்தப்பாதான் தூக்கணும்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு."

அந்தக் கனம் இன்னும் என் வலது தோளில் இருக்கிறது, அண்ணே. இறக்கிவைக்க மனம் வரவில்லை.