கீழ்த்தளக் கதவு

அன்புள்ள சுப்பராயா,

போரில் மூழ்கிய நம் கப்பலில் உயிர்தப்பியவர்கள், இன்று புதுச்சேரிக் கடற்கரையில் கூடி, இறந்தவர்களின் பெயர்களை வாசித்து மலர் தூவினோம். வழக்கம்போல் உனக்கு அழைப்பில்லை.

தண்ணீர் புகுந்தபோது, ஆட்கள் உள்ளிருக்கையிலேயே கீழ்த்தளக் கதவை மூடியவர் யார் என்று அன்றைய விசாரணையில் கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். மூடச் சொன்னவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுமாறு, பின்னாளில் வக்கீலானபின் என் கட்சிக்காரர்களுக்கும் அறிவுறுத்தினேன்.

இன்று எழுந்து, மூடச் சொன்னவன் நான்தான் என்று கூறிவிட்டேன்.

“ஏன் வக்கீலே, இதச் சொல்ல ஒனக்கு இம்மாம் வருஷமா?” என்றான் புருஷோத்தமன்.

வரும் ஞாயிறன்று அவர்கள் காலாப்பட்டில் உன் வீட்டிற்கு வருகிறார்கள். நான் தெருமுனையில் நிற்பேன். நீ கூப்பிட்டால் மட்டுமே உள்ளே வருவேன்.

உன் கப்பல் தோழன்